பாதி நினைவில் ஒரு விளையாட்டு

(உரைநடை)

நுழையும்முன்

பணி மாறுதலால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் சில பொருள்கள் தொலைந்துபோவது உண்டு. சில வேளைகளில் பொருளோடு அதன் பெயரும் தொலைந்துவிடும். பெயர் தெரியாத ஒன்றைத் தேட இயலுமா? இயலும். நினைவில் எஞ்சியிருப்பவற்றை முறையாகப் பிரித்து, இணையத் தரவுத்தளங்களின் துணையோடு தேடும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

பெயர் மறந்த விளையாட்டு

புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், கோடை விடுமுறை நாள் ஒன்றில் இத்தேடல் தொடங்கியது. எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாய், "உன் வயதில் நானும் கணினியில் ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறேன்" என்றார்.

"அதன் பெயர் என்ன, அம்மா?"

தாய் எண்ணிப் பார்த்தார். பெயர் நினைவுக்கு வரவில்லை. "மாரியோவாக இருக்கலாம்" என்றார். உடனே, "இல்லை, அது வேறு" என்றும் கூறினார்.

1994-ஆம் ஆண்டில் அவர் ஜபல்பூரில் ஆறாம் வகுப்பு மாணவி. அவருடைய தந்தையார் மைய அரசுப் பணியில் இருந்தார். அவர்கள் வாழ்ந்த குடியிருப்பின் மன்றத்தில் ஒரே ஒரு கணினி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரும் அவருடைய அண்ணனும் வரிசையில் காத்திருந்து அரை மணி நேரம் விளையாடுவார்கள். எட்டாம் கட்டத்தை அவர்கள் தாண்டியதே இல்லை. அதற்குள் தந்தையாருக்குப் பணி மாறுதல் வந்துவிட்டது. உடன் விளையாடிய பிள்ளைகளின் குடும்பங்களும் ஒவ்வொன்றாக வேறு ஊர்களுக்குச் சென்றன.

ஒரே ஊரில் வாழ்பவர்களுக்குத் தம் நினைவில் ஐயம் எழுந்தால் அண்டை வீட்டாரைக் கேட்கலாம். பழைய இடத்தைச் சென்று பார்க்கலாம். ஊர் மாறிச் சென்றவர்களுக்கு அவ்வாய்ப்பு அரிது. "அப்படி ஒரு விளையாட்டு இருந்ததா, அல்லது நானாகவே கற்பனை செய்துகொண்டேனா என்று சில சமயம் தோன்றும்" என்றார் தாய்.

மகள் கைப்பேசியை வைத்துவிட்டு ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்தாள்.

நினைவைப் பிரித்து எழுதுதல்

முதலில் அவள் தேடுபொறியில் "சிவப்புத் தொப்பி அணிந்தவன் வரும் பழைய விளையாட்டு" என்னும் பொருள்படத் தேடினாள். வந்த விடைகள் அனைத்தும் மாரியோவைப் பற்றியனவாகவே இருந்தன. இதில் வியப்பில்லை. தேடுபொறி, பலரும் விரும்பிப் பார்ப்பனவற்றையே பெரும்பாலும் முன்னிறுத்தும். ஒருவர் மட்டும் தேடும் பொருள் பின்வரிசையில் மறைந்துவிடும்.

ஆகவே, தேடுவதை நிறுத்திவிட்டுத் தாயைப் பேசச் செய்தாள். அவர் கூறியவற்றை மூன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டாள்.

*உறுதியாக நினைவில் உள்ளவை:* விசைப்பலகையைக் கொண்டு விளையாடினோம். ஓடும் ஆளைப் பக்கவாட்டில் கண்டோம். தங்கக் கோப்பை ஒன்றை எடுத்த பின்னரே கதவின் வழியே வெளியேற முடியும். ஆண்டு 1994.

*ஓரளவு நினைவில் உள்ளவை:* அந்த ஆள் சிவப்புத் தொப்பி அணிந்திருந்தான். அவன் நடக்கும்போது திரை உடன் நகரவில்லை. ஓரத்தை அடைந்ததும் ஒரேயடியாகத் தள்ளி நின்றது.

*ஐயத்திற்குரியவை:* விளையாட்டின் முடிவில் ஓர் இளவரசி நின்றாள்.

இவ்வாறு பிரிப்பதால் என்ன பயன்? உறுதியானவற்றைக் கொண்டு தேட வேண்டும். ஓரளவு உறுதியானவற்றைக் கொண்டு கிடைத்ததைச் சரிபார்க்க வேண்டும். ஐயமானவற்றை நம்பி எதனையும் தள்ளிவிடக் கூடாது. மூன்றையும் கலந்து தேடினால், ஒரு பிழையான நினைவே சரியான விடையை மறைத்துவிடும்.

ஆண்டைக் கையாளும்போதும் கவனம் தேவை. 1994-இல் விளையாடியதால் அது 1994-இல் வெளியான விளையாட்டு என்று கொள்ளுதல் தவறு. அவ்வாண்டுக்குப் பின் வெளியாகியிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. அக்காலத்தில் விளையாட்டுகள் நெகிழ்வட்டுகளில் கைமாறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும் ஓர் ஊரை வந்தடையும்.

எங்கே தேடுவது?

நூலகத்தில் நூற்பட்டியல் இருப்பதைப் போல, கணினி விளையாட்டுகளுக்கும் பட்டியல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று மோபிகேம்ஸ். 1999-ஆம் ஆண்டில் ஜிம் லியோனார்ட், பிரையன் ஹர்ட் ஆகியோர் இதனைத் தொடங்கினர். விளையாட்டின் பெயர், வெளியான ஆண்டு, எந்த வகைக் கணினியில் இயங்கியது, உருவாக்கியவர் யார் என்னும் செய்திகளோடு திரையின் படங்களையும் இத்தரவுத்தளத்தில் காணலாம். இவற்றுள் பெரும்பகுதியைத் திரட்டித் தந்தவர்கள் ஆர்வமுள்ள பொதுமக்களே.

மற்றொன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய ஆவணக் காப்பகம். 1996-இல் புரூஸ்டர் கேல் என்பவர் இதனை அமெரிக்காவில் நிறுவினார். நூல்கள், ஒலிப்பதிவுகள், பழைய இணையப் பக்கங்கள் ஆகியவற்றோடு பழைய மென்பொருள்களையும் இது பேணுகிறது. எம்.எஸ். டாஸ் என்னும் பழைய இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில், 2015-ஆம் ஆண்டு முதல் இதன் பக்கங்களிலேயே இயங்குகின்றன. பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள், புதிய கணினிக்குள் இருந்து அவற்றை இயக்குகிறது.

தேடுபொறிக்கும் தரவுத்தளத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே உணர வேண்டும். தேடுபொறியில் சொற்களைக் கொடுக்கிறோம். தரவுத்தளத்தில் பண்புகளையும் கொடுக்கலாம். பெயர் தெரியாவிட்டாலும், "டாஸில் இயங்கியது, பக்கவாட்டுக் காட்சி உடையது, 1994-க்குள் வெளியானது" எனச் சல்லடையை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிச் சலித்துக்கொண்டே வரலாம்.

விலக்கி விலக்கி அறிதல்

சலித்த பின்னரும் பட்டியல் நீளமாகவே இருந்தது. தாயும் மகளும் ஒவ்வொன்றாகப் படங்களைப் பார்த்தனர். பொருந்தாதவற்றைக் காரணத்தோடு விலக்கினர்.

மாரியோ முதலில் விலக்கப்பட்டான். 1985-இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட அவ்விளையாட்டு, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் கருவிக்கென உருவானது. அதனைக் கைப்பிடியால் விளையாடுவர். தாய் விளையாடியதோ விசைப்பலகையால்.

1989-இல் வெளியான பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் இளவரசி உண்டு. ஆயினும் அதன் நாயகன் தொப்பி அணியாதவன், வாள் ஏந்தியவன். "இவன் இல்லை" என்றார் தாய்.

1990-இல் வெளியான கமாண்டர் கீன் சற்று நெருங்கி வந்தது. ஆனால் அதில் வரும் சிறுவன் தலையில் மஞ்சள் தலைக்கவசம் இருந்தது. திரையும் அவனோடு சீராக நகர்ந்தது.

அடுத்துச் சிவப்புத் தொப்பி அணிந்த ஒருவன் படம் வந்தது. பேய் மாளிகைக்குள் பெரிய துப்பாக்கியோடு அவன் நின்றான். தாய் நெடுநேரம் பார்த்தார். "ஆளைத் தெரிகிறது. இடம் தெரியவில்லை" என்றார்.

இத்தகைய விடையை விலக்கிவிடக் கூடாது. ஆள் சரி, இடம் தவறு என்றால், அதே ஆளைக் கொண்ட வேறொரு விளையாட்டு இருக்கக்கூடும். மகள் அப்பக்கத்தில் இருந்த தொடர்வரிசையைத் திறந்தாள். அது 1991-இல் வெளியான இரண்டாம் பகுதி. அதற்கு முன் வெளியான முதற்பகுதியின் பெயர் டேஞ்சரஸ் டேவ்.

மாமாவின் சாட்சி

படத்தைப் பார்த்ததும் தாய், "இதுதான்!" என்றார். ஆனால் மகள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு படத்தைப் பார்த்த பின், முன்பே அது நினைவில் இருந்ததைப் போன்ற எண்ணம் எவருக்கும் தோன்றும். ஆகவே, அப்படத்தைப் பாராத ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று அவள் கருதினாள். விசாகப்பட்டினத்தில் வாழும் தன் மாமாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, ஜபல்பூரில் நீங்களும் அம்மாவும் விளையாடிய கணினி விளையாட்டு நினைவிருக்கிறதா? நினைவில் வருவதை அப்படியே சொல்லுங்கள்."

அவள் பெயரைக் கூறவில்லை. தொப்பியையோ கோப்பையையோ குறிப்பிடவும் இல்லை. "தொப்பி சிவப்புத்தானே?" என்று கேட்டிருந்தால், அன்பின் மிகுதியால் மாமா "ஆம்" என்றே கூறியிருப்பார். விடையைத் தன்னுள் வைத்துக்கொண்டு கேட்கப்படும் வினா, சாட்சியைக் கெடுத்துவிடும்.

மாமா சிறிது சிரித்தார். பின்னர் கூறினார்: "கோப்பையை எடுத்தால்தான் கதவைத் தாண்டலாம். தீயைத் தொட்டால் உயிர் போய்விடும். முதுகில் கட்டிக்கொண்டு பறக்கும் கருவி ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும், இன்னும் எத்தனை மீதம் என்று திரையில் எழுதிக் காட்டும். எங்களுக்கு அந்த எண்ணிக்கை ஒருநாளும் தீர்ந்ததில்லை."

பறக்கும் கருவியைப் பற்றித் தாய் கூறியிருக்கவில்லை. தரவுத்தளத்தின் படங்களில் அது இருந்தது. கட்டங்களின் இடையே வரும் எண்ணிக்கையும் இருந்தது. தனித்தனியே கூறப்பட்ட இரு நினைவுகளும் ஒரு பதிவும் ஒன்றோடொன்று பொருந்தின. தேடல் முடிந்தது.

இளவரசியைப் பற்றி மாமா ஒன்றும் கூறவில்லை. மகள் தாயிடம் கேட்டாள்: "அம்மா, எட்டாம் கட்டத்தைத் தாண்டவே இல்லை என்றீர்கள். மொத்தம் பத்துக் கட்டங்கள். அப்படியானால் முடிவில் நின்ற இளவரசியை நீங்கள் எங்கே கண்டீர்கள்?"

தாய் திகைத்தார். பின்னர், உறவினர் வீட்டுத் தொலைக்காட்சியில் மாரியோவைப் பார்த்தது அவர் நினைவுக்கு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக மாரியோவின் இளவரசி, டேவின் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

திரை ஏன் தள்ளி நின்றது?

டேஞ்சரஸ் டேவை உருவாக்கியவர் ஜான் ரொமேரோ என்னும் அமெரிக்க நிரலாளர். 1988-இல், நெகிழ்வட்டில் வெளிவந்த அப்டைம் என்னும் இதழுக்காக ஆப்பிள் II கணினியில் இதனை எழுதினார். டாஸ் கணினிகளுக்கான வடிவம் 1990-இல் வெளியானது.

நின்டெண்டோவின் கருவியில் திரையைச் சீராக நகர்த்துவதற்கென வன்பொருளிலேயே வசதி இருந்தது. அன்றைய மேசைக் கணினிகளில் அவ்வசதி இல்லை. ஒவ்வோர் அசைவுக்கும் முழுத்திரையையும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. அதற்கு வேகம் போதவில்லை. ஆதலால் டேவ் ஓரத்தை அடையும் வரை திரை அசையாது நின்றது. அடைந்ததும் ஒரேயடியாகத் தள்ளி நின்றது. தாய் ஐயத்தோடு கூறிய அச்சிறு குறிப்பு, அக்காலக் கணினியின் இயல்பையே சுட்டியது.

1990 செப்டம்பரில், ரொமேரோவின் உடன் பணியாற்றிய ஜான் கார்மாக் இதற்கு ஒரு வழி கண்டார். முழுத்திரையையும் வரையாமல், மாறிய கட்டங்களை மட்டும் வரைந்தால் போதும் என்பதே அவ்வழி. அதனை மெய்ப்பிக்க, அவரும் டாம் ஹாலும் ஓர் இரவில் மாரியோ விளையாட்டு ஒன்றின் முதற்கட்டத்தைக் கணினியில் அப்படியே அமைத்தனர். அதில் மாரியோவின் இடத்தில் டேவையே ஓடவிட்டனர். இருவரையும் கலந்தவர் தாய் மட்டும் அல்லர். இம்முறையைப் பயன்படுத்தி உருவானதே கமாண்டர் கீன்.

பதிவு செய்தல்

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுக்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. கடையில் கிடைக்காத ஒன்று, எவரேனும் பதிந்து வைத்திருந்தால் மட்டுமே மீண்டும் கிடைக்கும். முன்பின் அறியாத ஒருவர் பொறுமையோடு ஏற்றி வைத்த சில படங்களே, புனேயில் ஒரு தாயின் ஐயத்தைத் தீர்த்தன.

எனினும், எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத செய்தி ஒன்றை மாமா கூறினார். அவர் ஓடும் விசைகளைப் பிடித்துக்கொள்வாராம். தங்கை சுடும் விசையைப் பிடித்துக்கொள்வாராம். இருவரும் சேர்ந்தே ஓர் ஆளை இயக்கினார்களாம். "அதனால்தான் தோற்றோம்" என்றார் மாமா. அருகிலிருந்து கேட்ட தாய், "அண்ணா, நீங்கள் சொல்லும் முன்பே ஓடிவிடுவீர்கள்" என்றார்.

அன்றிரவு மகள் தன் குறிப்பேட்டில் எழுதினாள்:

பெயர்: டேஞ்சரஸ் டேவ். ஆண்டு: 1990. உருவாக்கியவர்: ஜான் ரொமேரோ. விளையாடிய இடம்: ஜபல்பூர். விளையாடியவர்கள்: அம்மாவும் மாமாவும், ஒரே விசைப்பலகையில். எட்டிய கட்டம்: எட்டு. இளவரசி: இல்லை.

அருஞ்சொற்பொருள்

தரவுத்தளம் – செய்திகளை வகைப்படுத்திச் சேமித்து வைத்த தொகுப்பு
தேடுபொறி – இணையத்தில் சொற்களைக் கொண்டு தேட உதவும் மென்பொருள்
இயங்குதளம் – கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
நெகிழ்வட்டு – முற்காலக் கணினிகளில் செய்திகளைச் சேமித்த மெல்லிய வட்டு, ஃபிளாப்பி
நிரலாளர் – கணினிக்கான கட்டளைகளை எழுதுபவர்
விழுக்காடு – நூற்றில் பங்கு, சதவீதம்
ஐயம் – சந்தேகம்

மொழித்திறன்: உறுதியும் ஐயமும்

ஒரு செய்தியை எவ்வளவு உறுதியோடு கூறுகிறோம் என்பதைத் தமிழில் வினைச்சொல்லின் முடிவே காட்டிவிடும்.

1. அங்கே ஒரு கதவு இருந்தது. (உறுதி)
2. தொப்பி சிவப்பாக இருந்ததாக நினைவு. (ஓரளவு உறுதி)
3. முடிவில் இளவரசி இருந்திருக்கலாம். (ஐயம்)
4. மன்றத்தில் ஒரு கணினி இருந்ததாம். (பிறர் கூறக் கேட்டது)
5. அது 1994-க்குப் பின் வெளியாகியிருக்க முடியாது. (உறுதியான மறுப்பு)

"ஆம்" என்னும் இடைச்சொல் வினையின் இறுதியில் சேரும்போது, "நான் நேரில் காணவில்லை, கேட்டதைக் கூறுகிறேன்" என்னும் பொருளைத் தரும். மாமா கூறியதை எழுதும் இடத்தில் இச்சொல் எத்தனை முறை வந்துள்ளது எனக் கண்டு எழுதுக.

பயிற்சி

*அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.*

1. தேடுபொறியில் மாரியோவைப் பற்றிய விடைகளே வந்தமைக்குக் காரணம் என்ன?
2. மாரியோவை விலக்குவதற்கு உதவிய குறிப்பு எது?
3. கார்மாக் கண்ட வழி யாது?

*ஆ. சுருக்கமாக விடை எழுதுக.*

1. 1994-இல் விளையாடியது என்பதிலிருந்து எதனை உறுதியாகக் கூறலாம்? எதனைக் கூற இயலாது?
2. மகள் மாமாவிடம் விளையாட்டின் பெயரைக் கூறாமல் வினவியது ஏன்?
3. இளவரசியைப் பற்றிய நினைவு தவறு என்பது தாயின் கூற்றைக் கொண்டே எவ்வாறு வெளிப்பட்டது?

*இ. விரிவாக விடை எழுதுக.*

ஒரு பொருளைப் பற்றித் தரவுத்தளம் தரும் செய்திகளுக்கும், அதனைப் பயன்படுத்தியவர் தரும் செய்திகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின் வழி விளக்குக.

*ஈ. செயல்பாடு*

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் பெயர் மறந்துவிட்ட ஒரு விளையாட்டு, திரைப்படம் அல்லது நூலைப் பற்றிக் கேளுங்கள். அவர் கூறுவதை மூன்று பிரிவுகளாகத் தமிழில் எழுதுங்கள். பின்னர் அவரோடு அமர்ந்து தேடுங்கள். அறிமுகமற்ற தளங்களிலிருந்து கோப்புகள் எவற்றையும் பதிவிறக்க வேண்டா. கண்டறிந்த பின், பெயரோடும் ஆண்டோடும் நிறுத்திவிடாமல், அவர் அதனை யாரோடு, எந்த ஊரில் அனுபவித்தார் என்பதையும் சேர்த்து எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.